வந்த மெயிலுக்குப் பதில் போகலையா?



முந்திரிப் பருப்புக்கு விலை கேட்டு நம்ம கூட்டமைப்புக்கு ஒரு மெயில் வந்தது. நாம எழுதின பதிலோ 'அவுட்பாக்ஸ்'லயே நின்னுபோச்சு. ஆர்டர் கைநழுவிடுமோன்னு தவிச்சோம். உடனே போன் செய்து விலையைச் சொன்னோம். பிறகுதான் காரணம் புரிஞ்சது.

மெயில் வெளியே போக 25-ஆம் நம்பர் வாசல் என்று 1982-லேயே விதி வகுத்தார்கள். அப்போது அந்த வாசலில் 'நீ யார்?' என்று கேட்கும் வழக்கமில்லை. பின்னாளில் வைரஸ் புகுந்த கம்ப்யூட்டர்கள் அதன் வழியே குப்பை மெயில்களை அள்ளிவிட்டன. அதனால் உலகெங்கும் பல இன்டர்நெட் கம்பெனிகள் அதைப் பூட்டிவிட்டன. வரும் மெயிலுக்கு வாசல் வேறு. அது வந்துகொண்டே இருக்கும்.

செய்ய வேண்டியவை:

1. மெயில் செட்டிங்ஸில் 'அவுட்கோயிங் சர்வர்' பகுதியில் 25-ஐ எடுத்துவிட்டு 587 போடுங்கள். அதுவும் போகலைன்னா 465.
2. யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கும் கட்டத்தில் டிக் செய்யுங்கள்.
3. அவசரமா? பிரௌசரில் மெயிலைத் திறந்து அனுப்புங்கள். அதற்கு இந்தப் பூட்டு தடையில்லை.
4. நம்ம கம்ப்யூட்டரிலும் வைரஸ் இருக்கான்னு பாருங்கள்.

அறிவொளிக் காலத்தில் சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்ட புதுக்கோட்டைப் பெண்களுக்கு இதெல்லாம் ஒரு பெரிய காரியமா?