நூல் கொடுத்தவர் யார்?

தொழிலும் சட்டமும் - 9

ராஜபாளையத்துப் பஞ்சாலைக்கு வாயில் உண்டு, வாயிலில் காவலாளி உண்டு, உள்ளே போகிறவனுக்கு அடையாள அட்டை உண்டு; ஆகவே அங்கே தொழிலாளி யார், முதலாளி யார் என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதேயில்லை. வத்திராயிருப்பை அடுத்த சுந்தரபாண்டியத்திலோ, கைத்தறியையே ஜீவனோபாயமாகக் கொண்டவர்களின் தெருக்களில், நெசவாளியின் வீடே தொழிற்சாலை, தறி அவனுடையது, எப்போது தறியில் உட்காருவது, எப்போது எழுந்திருப்பது என்பதும் அவன் இஷ்டம். இத்தனை சுதந்திரம் படைத்தவன், கொடுத்த கூலி போதவில்லை என்று முறையிடப் புறப்பட்டால் மட்டும், ‘நீ யாரிடத்தில் வேலை பார்க்கிறாய்?’ என்ற கேள்வி அவன் முன்னே வந்து நிற்கிறது. இந்த வாரம் அந்தக் கேள்வியைப் பரிசீலிப்போம்.

கூலிக்கு நெய்கிறவனின் வீட்டுக்குப் பாவும் ஊடை நூலும் ஜவுளி முதலாளியிடமிருந்து வருகின்றன. இன்ன சாயம், கரை இவ்வளவு அகலம், முந்தி இப்படி என்ற திட்டமும் கூடவே வருகிறது. மனைவி ராட்டையில் தார் சுற்றிக் கொடுக்க, கணவன் நெய்து முடித்து, சேலைகளை அறுத்து மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால், முதலாளி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, இழை விட்டிருக்கிறதா, கரை நெளிந்திருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று சோதித்து, தேறியதற்குக் கூலியும் தேறாததற்குப் பிடித்தமுமாகக் கணக்கை முடிக்கிறார். தார் சுற்றியவளின் உழைப்பு பெரும்பாலும் எந்தக் கணக்கிலும் தனியே ஏறுவதில்லை.

தறி சொந்தம், வேளை சொந்தம், உதவிக்கு வருகிறவர்களும் சொந்தக் குடும்பத்தார் என்பதால் அவன் சுயதொழில் செய்கிறவனாகி விடுவானா? கத்தியவாரில் உப்பளத் தொழிலாளரைப் பற்றி எழுந்த வழக்கில் இதே வாதம் வந்தது. திராங்கத்ரா கெமிக்கல் வொர்க்ஸ் என்னும் அந்த ஸ்தாபனத்தின் உப்பளங்களில் அகரியாக்கள் எனப்படும் அந்தத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வேலை செய்தார்கள். வேண்டுமானால் வேறு ஆட்களையும் தாங்களே அமர்த்திக்கொண்டார்கள். விளைந்த உப்பின் அளவுக்கே பணம் பெற்றார்கள். ஆயினும் அவர்கள் தொழிலாளிகளே என்று 1956ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1964ஆம் ஆண்டில், சேலத்துப் பீடித் தொழிலாளர் சங்கம் எதிர்நின்ற திவான் மொகிதீன் சாகிபு வழக்கில், இடையிலிருந்த ஒப்பந்தக்காரர்களை நீதிமன்றம் வெறும் திரையாகவே கண்டு, பீடி சுற்றியவர்களின் மெய்யான முதலாளி இலையும் தூளும் கொடுத்த உரிமையாளரே என்று கொண்டது. நாள் முழுவதும் பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்ய அவசியமில்லாத வேலையில், தரமில்லாததைக் கழித்துவிடும் அதிகாரமே மேற்பார்வை ஆகும் என்றும் விளக்கியது. வெளிச்சத்தில் விரித்துச் சேலையைச் சோதிக்கும் கைக்கும் அந்த அதிகாரம் இருக்கிறதா இல்லையா என்பதை வாசகர்களே நிதானித்துக்கொள்ளலாம்.

சட்டம் இயற்றியவர்களும் இதை அறியாதவர்கள் அல்லர். 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், பிறர் கொடுத்த பொருளைத் தன் வீட்டிலேயே வைத்து, அவருடைய வியாபாரத்துக்காகச் செய்து கொடுக்கிறவனையும் தொழிலாளி என்ற இலக்கணத்துக்குள் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் அட்டவணையில் சேர்ந்த தொழில்களுக்கே செல்லும் என்ற வரம்பு மட்டும் இருந்தது.

இனி முன்பணத்தின் கதை. தறி போடவோ, கல்யாணச் செலவுக்கோ முதலாளியிடம் வாங்கிய முன்பணம், ஒரு குடும்பத்தை ஆண்டுக்கணக்கில் ஒரே வாசலோடு பிணைத்து வைப்பது நெசவுத் தொழிலில் புதிதல்ல. முன்பணம் கொடுப்பது குற்றமாகாது. கொடுத்ததைத் திரும்பக் கேட்பதும் நியாயமே. ஆனால் அந்தக் கடனைக் காரணமாகக் காட்டி, வேறு இடத்தில் வேலைக்குப் போகக்கூடாது என்று தடுத்தாலும், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே நெய்யச் செய்தாலும், அது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. அவ்வாறு வந்தால் கடனே அழிந்துபோகிறது. குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சாசனத்தின் 23ஆவது ஷரத்து விலக்கிய கட்டாய உழைப்பே என்று, டில்லி ஆசிய விளையாட்டுப் பணிகளில் உழைத்த தொழிலாளர் சார்பில் வந்த வழக்கில், 1982ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

முதலாளியின் பக்கத்து நியாயமும் உண்டு. நூல் அவருடைய சொத்து. அதை வேறு கைக்கு விற்கவோ மாற்றவோ நெசவாளிக்கு உரிமையில்லை. அஜாக்கிரதையால் துணி கெட்டால் நஷ்டம் கேட்பதற்கும் அவருக்கு வழியிருக்கிறது. ஆயினும் ஆலைத் தொழிலாளியிடம் அவ்வாறு பிடித்தம் செய்வதற்கு முன், அவன் தரப்பு சமாதானத்தைக் கேட்டாக வேண்டும் என்று 1936ஆம் ஆண்டின் ஊதியச் சட்டமே விதித்தது. வீட்டுத் தறிக்காரனுக்கு அந்த மரியாதையைக் காட்டுவதற்குச் சட்டத்தின் வற்புறுத்தல் தேவையில்லை.

கூட்டுறவுச் சங்கத்துக்கு நெய்கிறவனின் நிலை வேறு. அவன் சங்கத்தின் உறுப்பினன், பங்கு வைத்திருப்பவன், ஆகவே சங்கத்தோடு அவனுக்கு எழும் பிணக்குகள் 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி பதிவாளரிடம் போகின்றன. சங்கத்துக்கு நெய்கிறவனுக்கும் முதலாளிக்கு நெய்கிறவனுக்கும் பொதுவாகக் கைத்தறி நெசவுத் தொழிலாளர் நல வாரியம் ஒன்று இருக்கிறது. பதிந்துகொண்டவர்களுக்கே அதன் உதவிகள் கிட்டும்.

பழைய சட்டங்கள் பலவற்றை ஒன்றுசேர்த்து, 2025ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு ‘வீடுசார் தொழிலாளி’ என்று வீட்டில் கூலிக்கு நெய்கிறவனைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கருவியும் மூலப்பொருளும் யார் கொடுத்தாலும் அந்தப் பெயர் மாறாது என்றும் சொல்கிறது. ஆனால் அந்தப் பெயர் அவனுக்கு நலத்திட்டங்களின் வாசலைத்தான் திறக்கிறது. கூலியைப் பற்றிய வழக்கில், யார் முதலாளி என்பதை அவன் இன்னமும் சாட்சியத்தால் நிரூபித்தாக வேண்டியிருக்கிறது.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் அவசியம். பாவு வாங்கிய தேதி, நூலின் எடை, பேசிய கூலி, முன்பணம், பிடித்தம், பிடித்தத்தின் காரணம் ஆகியவை எழுதப்பட்டு, இரு தரப்பாரும் ஒவ்வொரு முறையும் கையொப்பமிட்டால், நெசவாளிக்கு அது வேலைக்கு அத்தாட்சி. யோக்கியமான முதலாளிக்கு நூலுக்கு அத்தாட்சி. வாய்ச்சொல்லில் நடக்கும் வியாபாரத்தில் வழக்கென்று வரும்போது தோற்கிறவன் பெரும்பாலும் ஏழை என்பதால், புத்தகம் கேட்பதற்கு முதலில் கூச்சத்தை விட வேண்டியவன் நெசவாளியே.

அடுத்த வாரம் பஞ்சாலை வாயிலுக்குப் போவோம்: 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் 1981ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம்.