கிட்டாரைக் கணீரென்று ஒலிக்கச் செய்வது எது?

புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள ஆவூரில் பழமை வாய்ந்த மாதா கோயில் ஒன்று இருக்கிறது. வீரமாமுனிவர் பணியாற்றிய கோயில்களுள் அதுவும் ஒன்று. ஈஸ்டரையொட்டி அங்கே பாஸ்கா நாடகமும் தேர்த் திருவிழாவும் நடைபெறும். திருவிழா என்றால் மேடை உண்டு. மேடை என்றால் இந்நாளில் எலெக்ட்ரிக் கிட்டாரும் உண்டு. அவ்வூர் மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இது: “எங்கள் பாடற்குழு அண்ணனின் கிட்டார், போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் மந்தமாக ஒலிக்கிறது. அதிலுள்ள பிக்கப்பை மாற்றினால் கணீரென்று ஒலிக்குமாம். சில ஆயிரம் ரூபாய் ஆகும் என்கிறார்கள். செலவு செய்யலாமா, ஐயா?”

நல்ல கேள்வி. இதற்கு விடை கடைக்காரரிடம் இல்லை. உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது. வாருங்கள், தேடுவோம்.

பிக்கப் என்பது என்ன?

பலரும் பிக்கப்பை ஒரு குட்டி மைக் என்று நினைக்கிறார்கள். அது மைக் அன்று. அதன் எதிரே நின்று நீங்கள் பேசினால் அதற்கு ஏறக்குறைய ஒன்றுமே கேட்காது. அது ஒரு காந்தமும், அதைச் சுற்றிய செப்புக் கம்பிச்சுருளும்தான். தலைமுடி போன்று 0.063 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பியை ஏழாயிரம், எட்டாயிரம் சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். காந்தத்திற்கு மேலே கிட்டாரின் எஃகுக் கம்பி செல்கிறது. காந்தத்தின் அருகில் இருப்பதால் அந்தக் கம்பியும் காந்தமாகிறது. அதை மீட்டினால் அது அதிர்கிறது. சுருளின் வழியே செல்லும் காந்தப்பாயம் கூடிக் குறைகிறது. பாயம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் தோன்றும் என்று மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்தார் அல்லவா? அதே மின்காந்தத் தூண்டல்தான் இங்கும் நிகழ்கிறது. அந்தச் சிறிய மின்னழுத்தம் கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குச் சென்று, பெருகி, ஒலியாகிறது.

ஃபாரடேயின் கண்டுபிடிப்புக்குச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1931இல், அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப் என்பவர் இத்தகைய பிக்கப் பொருத்திய கிட்டாரை உருவாக்கினார். ரிக்கன்பேக்கர் என்பவருடன் சேர்ந்து அதை விற்பனைக்கும் கொண்டுவந்தார். வட்ட உடலும் நீண்ட கைப்பிடியுமாக இருந்ததால் அதற்கு ‘வாணலி’ என்றே செல்லப்பெயர் வந்துவிட்டது!

நம் இசைக்கும் இந்த உத்தி உதவியது. மாண்டலின் கம்பியின் ஒலி மீட்டியவுடன் விரைவில் அடங்கிவிடும்; நீண்ட கமகங்களுக்கு அது போதாது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969-2014) எலெக்ட்ரிக் மாண்டலினைக் கையாண்டு, இரட்டைக் கம்பிகளை ஒற்றையாக்கி, ஐந்து கம்பிகளில் கர்நாடக இசையை வாசித்துக் காட்டினார். வீணைக்கு மட்டும் காந்தப் பிக்கப் முழுதாக ஒத்துவராது. அதில் மரபாக எஃகுக் கம்பிகளோடு பித்தளைக் கம்பிகளும் உண்டு. பித்தளை காந்தமாகாதே! ஆகவே வீணை வித்துவான்கள் பலர் மரத்தின் அதிர்வை நேரடியாக உணரும் ‘கான்டாக்ட் மைக்’கைப் பயன்படுத்துகிறார்கள்.

கணீர் எங்கிருந்து வருகிறது?

கிட்டாரின் ஆறு கம்பிகளை விரல் வைக்காமல் மீட்டினால் அவற்றின் அடிப்படை அதிர்வெண்கள் 82 ஹெர்ட்ஸ் முதல் 330 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். அவ்வளவுதானா? இல்லை. ஒவ்வொரு கம்பியும் இரண்டாகவும் மூன்றாகவும் நான்காகவும் பிரிந்து ஒரே நேரத்தில் அதிர்கிறது. இவையே மேற்சுரங்கள். இவை பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை செல்லும். நம் செவி மிகவும் கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளை. அந்த எல்லையிலுள்ள மேற்சுரங்கள் வலுவாக வந்தால் ஒலி கணீரென்கிறது. அவை வழியில் தொலைந்தால் மந்தமாகிறது.

எனவே கேள்வி இப்படி மாறுகிறது: மேற்சுரங்களை வழியில் தின்பது யார்?

கல்லும் ரப்பர் நாடாவும்

ஒரு கல்லை ரப்பர் நாடாவில் கட்டித் தொங்கவிட்டு, சற்றே கீழே இழுத்து விடுங்கள். அது மேலும் கீழும் ஆடும். கல் கனமானால் ஆட்டம் மெதுவாகும். நாடா தளர்ந்தாலும் மெதுவாகும். பிக்கப்பும் கேபிளும் சேர்ந்து இதுபோன்ற ஓர் அமைப்பே. சுருளின் தன் மின்தூண்டல் எண் கல்லைப் போன்றது. கேபிளின் மின்தேக்குத்திறன் நாடாவின் தளர்ச்சியைப் போன்றது.

கேபிளுக்கு ஏது மின்தேக்குத்திறன் என்கிறீர்களா? கிட்டார் கேபிளின் நடுவே ஒரு கம்பி. அதைச் சுற்றி பிளாஸ்டிக் உறை. அதற்கு மேல் பின்னிய கம்பிவலை. இரு கடத்திகளுக்கு நடுவே ஒரு காப்புப் பொருள் இருந்தால் அது மின்தேக்கிதானே! ஒரு மீட்டர் கேபிளுக்கு ஏறக்குறைய 100 பிக்கோஃபாரட் இருக்கும்.

இந்த அமைப்பிற்கு ஓர் ஒத்ததிர்வு அதிர்வெண் உண்டு. அதன் அருகிலுள்ள மேற்சுரங்கள் எடுப்பாக ஒலிக்கும். அதற்கு மேலுள்ளவை விரைவாகத் தேய்ந்துபோகும். கணக்கிடுவது எளிது: தன் மின்தூண்டல் எண்ணை மின்தேக்குத்திறனால் பெருக்குங்கள், வர்க்கமூலம் காணுங்கள், அதை 6.28ஆல் பெருக்கி, வரும் எண்ணால் 1ஐ வகுங்கள். விடை ஹெர்ட்ஸில் கிடைக்கும்.

ஒரு கணக்குப் போடுவோமா?

பிக்கப்புகளில் இரு பெருவகைகள் உண்டு. ஒற்றைச் சுருள் பிக்கப்பின் தன் மின்தூண்டல் எண் சுமார் 2.5 ஹென்றி. ‘ஹம்பக்கர்’ எனப்படும் இரட்டைச் சுருள் பிக்கப்புக்குச் சுமார் 4.5 ஹென்றி. மந்தமான கிட்டாரில் இருப்பது இரட்டைச் சுருள் என்று கொள்வோம். மேடையில் கேபிளின் நீளம் 10 மீட்டர். அதாவது 1,000 பிக்கோஃபாரட். சுருளுக்கே உரியதாக 100ஐச் சேர்த்து 1,100 என்று கொள்வோம். கணக்கிட்டால் ஒத்ததிர்வு அதிர்வெண் சுமார் 2,260 ஹெர்ட்ஸ். அதற்கு மேற்பட்ட மேற்சுரங்களுக்குப் பாதி வழியிலேயே கதவு சாத்தப்படுகிறது!

இப்போது பணம் செலவழித்து ஒற்றைச் சுருள் பிக்கப்பை மாட்டுகிறோம். கேபிள் அதே 10 மீட்டர். விடை சுமார் 3,035 ஹெர்ட்ஸ். நல்ல முன்னேற்றம்தான்.

பிக்கப்பை மாற்றாமல், கேபிளை மட்டும் 5 மீட்டராகக் குறைத்தால்? மின்தேக்குத்திறன் 600 பிக்கோஃபாரட். விடை சுமார் 3,060 ஹெர்ட்ஸ்!

பார்த்தீர்களா? சில ஆயிரம் ரூபாய் கொடுத்துச் செய்த மாற்றமும், ஆம்ப்ளிஃபயரைச் சற்று அருகில் நகர்த்திச் செய்த மாற்றமும் ஒத்ததிர்வை ஏறத்தாழ ஒரே இடத்திற்குத்தான் கொண்டுசெல்கின்றன. இரண்டையும் செய்தால் சுமார் 4,110 ஹெர்ட்ஸ் வரை போகலாம். உண்மையான கிட்டாரில் வால்யூம் குமிழின் மின்தடை போன்றவையும் குறுக்கிடும். ஆகவே இவை தோராயமான எண்களே. ஆனால் காட்டும் திசை சரியானது.

இன்னொன்றையும் கவனியுங்கள். “அதிகச் சுற்றுகள் உள்ள பிக்கப், அதிக ஆற்றல்” என்று விளம்பரம் செய்வார்கள். சுற்றுகள் கூடினால் மின்னழுத்தம் கூடும். ஒலி உரத்துக் கேட்கும். ஆனால் தன் மின்தூண்டல் எண் சுற்றுகளின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடும். சுற்றுகளை 20 விழுக்காடு கூட்டினால் அது 44 விழுக்காடு கூடிவிடும். கல் கனமாகிறது, ஒத்ததிர்வு இறங்குகிறது, கணீர் குறைகிறது. உரக்க ஒலிப்பது வேறு, தெளிவாக ஒலிப்பது வேறு.

எதை முதலில் செய்வது?

காசு குறைவான வழியிலிருந்து தொடங்குங்கள்.

1. டோன் குமிழை முழுதும் திறந்து வையுங்கள். குறைத்து வைத்தால் ஒரு மின்தேக்கி மேற்சுரங்களைத் தரைக் கம்பிக்கு அனுப்பிவிடும்.

2. கம்பிகளைப் புதிதாக மாற்றுங்கள். வியர்வையும் அழுக்கும் படிந்த பழைய கம்பியில் மேற்சுரங்கள் பிறந்தவுடனே அடங்கிவிடும். கம்பியில் இல்லாத ஒலியை எந்தப் பிக்கப்பும் தர முடியாது.

3. பிரிட்ஜுக்கு அருகிலுள்ள பிக்கப்பைத் தேர்ந்து வாசித்துப் பாருங்கள். 648 மில்லிமீட்டர் நீளமுள்ள கம்பியில், பிரிட்ஜிலிருந்து 162 மில்லிமீட்டர் தொலைவில் நான்காம் பிரிவுக்குக் கணு உண்டு. அந்த இடத்தில் உள்ள பிக்கப்புக்கு அந்த மேற்சுரம் கேட்காது. பிரிட்ஜை நெருங்க நெருங்க மேற்சுரங்களின் பங்கு கூடும்.

4. பிக்கப்பின் உயரத்தைத் திருகாணியால் சரிசெய்யுங்கள். கடைசிக் கட்டையில் கம்பியை அழுத்தியபோது 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி பொதுவாகப் போதும். மிக நெருங்கினால் காந்தம் கம்பியை இழுத்து, சுருதியையே கெடுக்கும்.

5. கேபிளைக் குறையுங்கள்.

6. வால்யூம் குமிழ் 2,50,000 ஓம் ஆக இருந்தால், 5,00,000 ஓம் மாற்றிப் பாருங்கள். மின்தடை கூடினால் ஒத்ததிர்வின் முனைப்பு கூடும். கடையில் விலை குறைவுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் மந்தம் போகவில்லையா? அப்போது பிக்கப்பை மாற்றலாம்; அந்தச் செலவு வீண் ஆகாது.

ஓர் எச்சரிக்கை

ஒற்றைச் சுருள் பிக்கப் கணீரென்று ஒலிக்கும்; கூடவே ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சலும் தரும். சுற்றியுள்ள 50 ஹெர்ட்ஸ் மின்சார வயர்களின் காந்தப்புலத்தையும் அது பிடித்துக்கொள்வதே காரணம். இதை ஒழிக்கத்தான் 1955இல் கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் சேத் லவர் ஹம்பக்கரை வடிவமைத்தார். எதிரெதிராகச் சுற்றிய இரு சுருள்கள், எதிரெதிர் காந்த முனைகள். இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கம்பியின் ஒலியோ கூடும்.

பிக்கப்பை மாற்றிய பிறகு இரைச்சல் வந்தால், சிலர் ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடுவார்கள். இரைச்சல் குறையலாம், உயிரும் போகலாம். கிட்டார் கம்பிகள் கேபிளின் வலை வழியாக ஆம்ப்ளிஃபயரின் உலோகச் சட்டத்தோடு இணைக்கப்பட்டவை. உள்ளே மின்கசிவு ஏற்பட்டால், எர்த் இல்லாதபோது, அந்த மின்னழுத்தம் வாசிப்பவரின் விரல் நுனிக்கே வந்துவிடும். எதிரே உள்ள மைக்கை அவர் தொட்டால் போதும். திருவிழா மேடையின் தற்காலிக மின் இணைப்பில் எர்த்தையும் கசிவு மின்னோட்டத் துண்டிப்பானையும் முதலில் சரிபாருங்கள்; பிறகுதான் சுருதி சேர்க்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரை ஒருபோதும் நீங்களே திறக்காதீர்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

கிட்டார் உள்ள நண்பரிடம் 10 மீட்டர் கேபிள் ஒன்றும் 3 மீட்டர் கேபிள் ஒன்றும் கேட்டு வாங்குங்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். மற்றவர் கேபிளை மாற்றி மாற்றிச் செருகி, ஒரே கம்பியை ஒரே இடத்தில் மீட்டட்டும். எது எந்தக் கேபிள் என்று பத்து முறை கேட்டு, சரியான விடைகளை எண்ணுங்கள். ஏழுக்கு மேல் வந்தால் உங்கள் செவி இயற்பியலைக் கேட்கத் தொடங்கிவிட்டது எனலாம்.

கணக்கில் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஒன்று: ஒற்றைச் சுருள் பிக்கப், 2.5 மீட்டர் கேபிள். ஒத்ததிர்வு அதிர்வெண் என்ன? ஏறக்குறைய 5,400 ஹெர்ட்ஸ் வந்தால், உங்கள் கணக்கு சரி!