பார்சல் சாப்பாடு: சில யோசனைகள்

சித்தூரிலும் திருப்பதியிலும் வசிக்கும் நமது சங்கத்து அன்பர்களில் வயதானவர்கள் அதிகம். பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, அமெரிக்கா என்று போய்விட்டபின் வீட்டில் இரண்டே பேர். அவர்களுக்காகக் குக்கர் வைப்பானேன் என்று தெருமுனை ஓட்டலில் ஒரு 'மீல்ஸ் பார்சல்' வாங்கிவிடுகிறோம். பப்பு, வேப்புடு, பச்சடி, சாம்பார், ரசம், தயிர், பொடி எல்லாம் சேர்ந்து இரண்டு பேருக்குத் தாராளமாகக் காணும். இதில் தவறொன்றுமில்லை. ஆனால் கட்டி வாங்குவதிலும் வீட்டில் வைத்திருப்பதிலும் சில விஷயங்கள் உண்டு. ரயில்வேயில் குப்பை கொட்டிய டிப்ளமாக்காரனுக்கு எல்லாமே வெப்பக் கணக்காகத் தெரிகிறது, பொறுத்துக்கொள்க.

மீட்டர் கேஜ் காலத்துப் பொட்டலம் நினைவிருக்கும்: உள்ளே வாழையிலை, வெளியே செய்தித்தாள், மேலே நூல். இலை ஈரத்தைத் தாங்கும். தாள்களுக்கு நடுவே சிக்கும் காற்று சூட்டைக் காக்கும். ஏற்பாடு என்னவோ நல்லதுதான், அச்சு மைதான் கெடுதல். அதில் உள்ள ரசாயனங்கள் சூடான, எண்ணெய்ப் பசையுள்ள பண்டத்தில் இறங்கிவிடும். செய்தித்தாளில் உணவு கட்டக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் அறிவுறுத்தியது. 2018-ஆம் ஆண்டு விதிகளிலும் இது சேர்ந்தது. வடை, பஜ்ஜிக்காரர்கள் பலர் இன்னும் கேட்டபாடில்லை.

எதைப் பார்சல் வாங்கலாம்? தோசையும் பூரியும் வேண்டாம் என்பேன். மூடிய பொட்டலத்துள் நீராவி போக வழியின்றி அதன் மேலேயே குளிர்ந்து படிகிறது. பத்து நிமிடத்தில் முறுகல் போய்த் தோல் போல் ஆகிவிடும். இட்லிக்கு இந்தக் கவலை இல்லை, ஆவியிலேயே பிறந்தது. நம் சீமையின் ராகி சங்கடி இன்னும் உசத்தி. உருண்டையாகவும் கனமாகவும் இருப்பதால் பரப்பு குறைவு, சூடு மெதுவாகத்தான் இறங்கும்.

முக்கியமான விஷயம் மிச்சச் சோறு. பகல் 12 மணிக்கு வாங்கியதில் பாதியை மேஜைமேல் மூடிவைத்து இரவு 8 மணிக்குச் சாப்பிடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அரிசியில் 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். சோறு வேகும்போதும் அவை சாவதில்லை. 5 முதல் 60 டிகிரி வரையிலான வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகி நஞ்சு விடுகின்றன. வாந்தி உண்டாக்கும் அந்த நஞ்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் அழியாது. 'கொதிக்கவைத்துவிட்டேனே' என்பது இங்கே செல்லாது. நமது கோடையில் இரண்டு மணி நேரம் என்பதே அதிகம். ஆகவே பொட்டலத்தைப் பிரித்தவுடனே இரவுக்கானதைத் தனியே எடுத்து, அகலமான தட்டில் பரப்பிச் சூடு தணிந்ததும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். குவியலாக வைத்தால் நடுப்பகுதி வெகுநேரம் ஆறாது. சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஒருநாள் வாந்தியும் பேதியும் சாதாரணமல்ல.

கொதிக்கும் சாம்பாரை மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டுவதை நான் ஏற்பதில்லை. 120 மைக்ரானுக்கும் மெல்லிய கேரி பைகளுக்கு 2022 டிசம்பர் 31 முதல் தடையே இருக்கிறது. பரணில் தூங்கும் எவர்சில்வர் அடுக்கை எடுத்துச் செல்லுங்கள். 'சாம்பார் விடிகா கட்டண்டி' என்று சொல்லி அடுக்கை நீட்டினால் எங்கள் தெருக் கடைக்காரர் மறுப்பதில்லை; கூட ஒரு கரண்டி விழுவதும் உண்டு.

பில்லையும் பாருங்கள். சாதாரண ஓட்டலில் பார்சலுக்கும் உட்கார்ந்து சாப்பிடுவதற்கும் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். 'காம்போசிஷன்' முறையில் பதிவு செய்த சிறிய கடைகள் நம்மிடம் வரி வசூலிக்கவே கூடாது. அதை அவர்கள் பில்லிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். கல்லாவுக்கு மேலே 14 இலக்க உணவு உரிம எண் தொங்குகிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம்.