குதிரை வீழ்ந்த பின்னும்

குதிரைவீரன் என்றதும் உருவிய வாளும் பாய்ந்துவரும் புரவியுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. முதலாம் உலகப் போரில் இயந்திரத் துப்பாக்கி அவ்வோவியத்தைக் கலைத்துவிட்டது. எனினும், போர்க்களத்தின் குறுக்கே செய்தி கொண்டுசெல்லக் குதிரையும் அதன்மேல் ஒரு துணிவுள்ள மனிதனும் தேவைப்பட்டனர்.

இராசபுத்தானத்து டமோய்க் கிராமத்தில் 1887இல் பிறந்த கோவிந்த் சிங் அத்தகைய ஒருவர். இந்தியக் குதிரைப்படையிற் சிறு பதவி வகித்தவர். 1917 டிசெம்பர் 1ஆம் நாள், பிரான்சின் கம்பிறேப் போர்க்களத்தில், அவர் நின்ற படைக்கும் அதன் தலைமையிடத்துக்கும் இடையே ஒன்றரை மைல் வெட்டவெளி கிடந்தது. அவ்வெளி முழுவதும் பகைவரின் பார்வைக்கும் குண்டுமாரிக்கும் உட்பட்டிருந்தது. மும்முறை அவர் தாமாகவே முன்வந்து செய்தியுடன் புறப்பட்டார். மும்முறையும் குதிரை சுடப்பட்டது. எஞ்சிய தூரத்தைக் கால்நடையாகவே கடந்து, ஒவ்வொரு முறையும் செய்தியைச் சேர்ப்பித்தார்.

இந்தியச் சிப்பாய்களுக்கு 1911 வரை எட்டாதிருந்த விக்டோரியாச் சிலுவை அவரை வந்தடைந்தது. 1942இல் அவர் மறைந்தார்.

தன்னுயிர்க்கே கேடு நேருமாயினும் ஏற்ற பணியைக் குறைவின்றி முடிப்பவனே தூதன் என்றார் வள்ளுவர். அந்நியப் பேரரசொன்றின் போரில், தாய்மண்ணுக்கு நெடுந்தொலைவில், அவ்விலக்கணத்துக்கு இலக்கியமாய் நின்றார் இச்சாதாரணச் சிப்பாய். பகைவரை வீழ்த்தியதற்கன்றிச் சொல்லைக் கொண்டு சேர்த்ததற்காகவே அவரை வரலாறு நினைவிற் கொண்டுள்ளது.