நுண்ணுயிர் எரிபொருள் கலம்

நுண்ணுயிர் எரிபொருள் கலம் என்பது, நீரில் கலந்துள்ள கரிமப் பொருள்களைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது வெளிப்படும் எதிர்மின்னிகளை (எலக்ட்ரான்களை) மின்னோட்டமாகப் பெறும் கருவி ஆகும். கழிவுநீர் தூய்மையாவதும் மின்சாரம் கிடைப்பதும் இதில் ஒருங்கே நிகழ்கின்றன. எனினும் கிடைக்கும் மின்சாரம் மிகச் சிறிது. ஆதலால் மாசு நீக்கமே இதன் முதன்மைப் பயனாகக் கருதத்தக்கது.

தேவை

வழக்கமான கழிவுநீர்த் தூய்மிப்பு நிலையங்களில், பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் கிடைப்பதற்காக நீரினுள் இடைவிடாது காற்று செலுத்தப்படுகிறது. நிலையம் செலவிடும் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி இதற்கே ஆகிறது. நுண்ணுயிர் எரிபொருள் கலத்தில் கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்த வேண்டியதில்லை. உண்டாகும் கசடும் குறைவு.

செயற்படும் முறை

கலத்தில் ஆனோடு, கேத்தோடு என இரு மின்வாய்கள் உள்ளன. ஆனோடு இருக்கும் பகுதியில் ஆக்சிஜன் இராது. அங்கு வாழும் பாக்டீரியாக்கள் கரிமப் பொருளைச் சிதைத்து, எதிர்மின்னிகளை ஆனோடிற்கு அளிக்கின்றன. எடுத்துக்காட்டாக, ஓர் அசிட்டேட் அயனி முழுமையாகச் சிதையும்போது 8 எதிர்மின்னிகள் வெளிப்படுகின்றன. இவை வெளிக்கம்பி வழியாகக் கேத்தோடை அடைகின்றன. ஹைட்ரஜன் அயனிகள் நீரின் வழியே கேத்தோடைச் சேர்கின்றன. அங்கு ஆக்சிஜனுடன் இணைந்து நீர் உண்டாகிறது.

எதிர்மின்னிகளை உடலுக்கு வெளியே செலுத்தவல்ல பாக்டீரியாக்களுள் ஜியோபேக்டர், ஷிவனெல்லா ஆகியவை குறிப்பிடத்தக்கன.

நீக்கப்படும் மாசுகள்

* கரிமப் பொருள்கள்: வீட்டுக் கழிவுநீர், மதுவடி ஆலைக் கழிவுநீர் முதலியவற்றில் உள்ளவை ஆனோடில் சிதைக்கப்படுகின்றன.
* நைட்ரேட்டு: கேத்தோடில் வளரும் பாக்டீரியாக்கள் எதிர்மின்னிகளைப் பெற்று இதனை நைட்ரஜன் வளிமமாக மாற்றுகின்றன.
* குரோமியம்: நச்சுத்தன்மை மிக்க ஆறிணைதிறக் குரோமியம், கேத்தோடில் நச்சுத்தன்மை குறைந்த மூவிணைதிறக் குரோமியமாகிறது. இவ்வினை அமில நீரில் விரைவாக நடைபெறும்.
* செம்பு: கேத்தோடின் மேல் உலோகமாகப் படிகிறது.

உலோகங்கள் அழிவதில்லை, வடிவமே மாறுகின்றன. ஆகவே படிவுகளைத் தனியே பிரித்தெடுத்தல் வேண்டும்.

வரலாறு

1911 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் எம். சி. பாட்டர், நுண்ணுயிர்களின் சிதைவுச் செயலிலிருந்து மின்சாரம் பெறலாம் எனக் காட்டினார். 2004 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் லோகன் குழுவினர், வீட்டுக் கழிவுநீரின் வேதியியல் ஆக்சிஜன் தேவையை 80 விழுக்காடு வரை குறைத்தனர். அப்போது ஒரு சதுர மீட்டர் மின்வாய்ப் பரப்பிற்குப் பெற்ற உச்ச மின்திறன் 26 மில்லிவாட் மட்டுமே. இக்கணக்கில் 1 வாட் பெற ஏறத்தாழ 40 சதுர மீட்டர் பரப்பு வேண்டும்.

2015 இல் பிரிஸ்டல் நகரிலுள்ள மேற்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழக வளாகத்தில், சிறுநீரால் விளக்கெரியும் கழிப்பிடம் ஆக்ஸ்பாம் அமைப்பின் துணையுடன் சோதிக்கப்பட்டது. மின்வசதியற்ற அகதி முகாம்களில் இரவில் ஒளி தருவது இதன் நோக்கமாகும்.

வரம்புகள்

ஒரு கலத்தின் மின்னழுத்தம் 1 வோல்ட்டிற்கும் குறைவு. பல கலங்களைத் தொடராக இணைத்தால், வலுக்குன்றிய கலத்தின் மின்முனைகள் தலைகீழாக மாறக்கூடும். கலத்தைப் பெரிதாக்கும்போது மின்தடை மிகுந்து, திறன் குறைகிறது. மின்வாய்களின் விலையும், அவற்றின் மேல் படியும் அழுக்கும் பெரிய நிலையங்களில் இம்முறை பரவுவதற்குத் தடையாக உள்ளன.