“சைவமா?” என்று கேட்டார், ஆள் யார் என்று விசாரிக்கவில்லை!

வாடகைக்கு விட்ட பிளாட்டை ‘லீசு’க்கு விட்டுக் கம்பி நீட்டும் ஆசாமிகள்

சென்னை நகரில் வாடகை வீடு தேடி அலைகிறவர்களின் கஷ்டம் எல்லோருக்கும் தெரியும். வீட்டைக் கையில் வைத்துக் கொண்டு ‘நல்ல ஆள்’ தேடுகிறவர்களின் கஷ்டம் அவ்வளவாக வெளியே தெரிவது இல்லை.

நங்கநல்லூர், மடிப்பாக்கம், முகப்பேர், பெரம்பூர் என்று எந்தப் பக்கம் போனாலும் அடுக்குமாடி வீட்டு கேட்டில் ‘டூ-லெட்’ அட்டை தொங்குகிறது. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் பிளாட் வாங்கிப் போட்டவர்கள், அமெரிக்காவில் இருக்கும் மகனின் பிளாட்டுக்குக் காவல் இருக்கும் அப்பாக்கள், கணவரை இழந்து அந்த வாடகையில் அடுப்பு எரிக்கும் பெண்கள் - இவர்கள்தான் பெரும்பாலும் அந்த அட்டையை மாட்டுகிறவர்கள். ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் அந்த மாத வாடகை போனது போனதுதான். அடுக்குமாடிச் சங்கத்துக்குக் கட்டும் பராமரிப்புப் பணம் மட்டும் நிற்காது.

கேட்டில் ‘விசாரணை கமிஷன்’

ஆள் வந்தால் போதும், கேட்டிலேயே விசாரணை ஆரம்பித்து விடும்.

“மொத்தம் எத்தனை பேரு? சொந்த ஊரு எது? சைவமா, அசைவமா? சொந்தக்காரங்க அடிக்கடி வருவாங்களா? ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீங்க?”

கல்யாணம் ஆகாத பையன்களா? வீடு இல்லை. வக்கீலா? “நாளைக்கு நம்ம மேலயே கேசு போடுவாரு.” போலீஸ்காரரா? வாடகை கேட்கப் பயம். சினிமாக்காரர் என்றால் கேட்கவே வேண்டாம். பத்திரிகைக்காரர்களுக்கும் இதே கதிதான்.

சொந்த ஊர் எது, அதில் எந்தத் தெரு என்று சுற்றி வளைத்துக் கேட்பது சாதியைத் தெரிந்து கொள்ளத்தான். இது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். பெயரைக் கேட்டதுமே, “இப்பத்தாங்க ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனாரு” என்று முஸ்லிம் குடும்பங்களைத் திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அட்டை மறுநாளும் அங்கேயே தொங்கும்.

மீன் குழம்பு வைத்ததால் யார் வீடும் பறி போய் விடாது. வீட்டுக்காரர்கள் போலீசுக்கு ஓடுவது வேறு மாதிரி ஆசாமிகளால்.

எல்லாவற்றுக்கும் பதில் ரெடி

இந்த ஆசாமி வரும்போது சலவைச் சட்டை, கையில் விசிட்டிங் கார்டு. எந்தக் கேள்விக்கும் தயங்க மாட்டார். “சுத்த சைவம் சார். சத்தமே வராது சார்.”

இன்னும் பெரிய ஆள் என்றால் ‘கம்பெனி’ பெயரைச் சொல்லிக் கொண்டு வருவார். “உங்க பிளாட்ட நாங்களே வாடகைக்கு எடுத்துக்கிறோம் சார். எங்க ஸ்டாப்ப குடி வைப்போம். ஒண்ணாந்தேதி ஆனா வாடகை உங்க பேங்க்ல விழுந்துடும். குழாய் ஒழுகினாலும் நீங்க வர வேண்டாம்.”

ஆடி மாதத்தில் யாரும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். மார்கழியிலும் அப்படியே. அந்த நேரத்தில் வீடு காலியாகிக் கையைப் பிசைந்து கொண்டிருக்கும் வீட்டுக்காரருக்கு இந்த ஆசாமி தெய்வம் போலத் தெரிவார். பேரம் பேசவில்லை. கேட்டதற்கு மேல் 500 கூடத் தருகிறார். சாவி கை மாறுகிறது.

சில நாட்களில் ஒரு குடும்பம் சாமானோடு வந்து இறங்கும். வீட்டுக்காரர், ‘கம்பெனி ஸ்டாப் வந்து விட்டார்கள்’ என்று நினைத்துக் கொள்வார். வந்தவர்களோ அந்த ஆசாமியைத்தான் வீட்டுக்குச் சொந்தக்காரர் என்றோ, ‘பவர்’ வாங்கியவர் என்றோ நம்பி வந்தவர்கள். அவர்கள் வந்தது வாடகைக்கு அல்ல, ‘லீசு’க்கு.

ஊர்ப்பக்கம் ஒத்தி, போக்கியம் என்று சொல்வார்களே, அதுதான் சென்னையில் ‘லீஸ்’. மொத்தமாகச் சில லட்சம் கொடுத்து விட்டால் மாத வாடகை கிடையாது. காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்பி வரும். மாதா மாதம் வாடகை கட்டி மாளாத குடும்பங்கள் நகையை அடகு வைத்தும், பி.எப். பணத்தை எடுத்தும் இதற்குப் பணம் திரட்டுகிறார்கள்.

ஆசாமி போடும் கணக்கு

கணக்கு எளிதானது. வீட்டுக்காரரிடம் பேசிய வாடகை மாதம் 16 ஆயிரம் என்றும், அட்வான்ஸ் 50 ஆயிரம் என்றும் வைத்துக் கொள்வோம். லீஸ் குடும்பத்திடம் ஆசாமி வாங்கியது 8 லட்சம். 10 மாதம் ஒழுங்காக வாடகை கட்டினாலும் 1 லட்சத்து 60 ஆயிரம். அட்வான்சையும் சேர்த்தால் 2 லட்சத்து 10 ஆயிரம். மீதி 5 லட்சத்து 90 ஆயிரம் அவர் பையில்! இப்படி 20 பிளாட்டைப் பிடித்தால் 1 கோடியே 18 லட்சம்.

அந்த 10 மாதமும் வாடகை தேதி தவறாமல் விழுவதால்தான் யாருக்கும் சந்தேகம் வருவது இல்லை. 11-வது மாதம் பணம் வராது. போன் ‘சுவிட்ச் ஆப்’. கம்பெனி ஆபீசில் பூட்டு.

வீட்டுக்காரர் மாடி ஏறிப் போய்க் கதவைத் தட்டுவார். “என்னங்க, வாடகை வரலியே?”

“வாடகையா? நாங்க 8 லட்சம் கொடுத்து லீசுக்கு இருக்கோங்க!”

உள்ளே இருந்து எடுத்து வந்து காட்டும் பத்திரத்தில் வீட்டுக்காரரின் பெயர் இருக்கும். கையெழுத்து மட்டும் அவருடையதாக இருக்காது.

இரண்டு பேரும் ஏமாந்தவர்கள். ஆனால் அந்த நிமிடத்தில் இருந்து ஒருவருக்கு ஒருவர் எதிரி. பணம் வராமல் அந்தக் குடும்பம் காலி செய்யாது. வாடகை இல்லாமல் வீட்டுக்காரருக்குப் பிழைப்பு ஓடாது. சிலர் ஆத்திரத்தில் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தப் போவார்கள். குடியிருப்பவருக்கு அவற்றை நிறுத்துவதற்குச் சட்டத்தில் தடை இருக்கிறது. நிறுத்தினால் புகார் கொடுத்தவர் மீதே புகார் வந்து சேரும்.

போலீசார் ஆசாமி மீது மோசடி வழக்குப் போடுவார்கள். பல பேரிடம் பெரிய தொகை போயிருந்தால் மத்திய குற்றப்பிரிவுக்குப் போகும். முன்பு இதற்கு இந்திய தண்டனைச் சட்டம் 420-வது பிரிவு. 2024 ஜூலை 1-ந் தேதியில் இருந்து நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் அது 318. ஊர் வாயில் மட்டும் அந்த ஆசாமி இன்னும் ‘420’தான்.

‘பட்டாளத்துக்காரர்’ போன்

நேரில் வராமலே ஏமாற்றுகிறவர்கள் வேறு இருக்கிறார்கள். வாடகை விளம்பரம் கொடுத்த சில மணி நேரத்தில் போன் வரும். பேசுகிறவர் ராணுவத்தில் இருப்பதாகவும், சென்னைக்கு மாற்றல் ஆகி விட்டதாகவும் சொல்வார். அடையாள அட்டை, யூனிபார்ம் போட்ட படம் எல்லாம் வாட்ஸ்-அப்பில் வந்து விழும். வீட்டைப் பார்க்கவே மாட்டார். “அட்வான்ஸ் அனுப்புறோம், இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க” என்பார்.

பின் நம்பர் போட்டால் நம் கணக்கில் இருந்து பணம் வெளியே போகும். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் போட வேண்டிய அவசியமே கிடையாது.

வேளச்சேரிக்குப் பிறகு

குடி வருகிறவர் யார் என்ற கேள்வி நகரத்தையே உலுக்கியது 2012-ல். பெருங்குடியிலும் கீழ்க்கட்டளையிலும் அடுத்தடுத்து வங்கிக் கொள்ளை நடந்தது. அந்த வழக்கில் தேடப்பட்ட 5 பேர் பிப்ரவரி 23-ந் தேதி அதிகாலை வேளச்சேரியில் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் தங்கியிருந்தது ஒரு வாடகை வீடு. அதன் பிறகுதான் குடித்தனக்காரர்களின் விவரத்தையும் போட்டோவையும் போலீஸ் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று கமிஷனர் உத்தரவு வந்தது. கொஞ்ச நாள் வீட்டுக்காரர்கள் படிவத்தோடு வரிசையில் நின்றார்கள். பிறகு பரபரப்பு அடங்கிப் போனது.

விசாரிக்க வேண்டிய இடம்

வருகிறவரின் சமையல் அறையை விசாரிப்பதை விட, அவர் கடைசியாக இருந்த வீட்டின் சொந்தக்காரரை விசாரிப்பது உபயோகம். வாடகை ஒழுங்காக வந்ததா, ஏன் காலி செய்கிறார் - ஒரு போன் போதும். அந்த நம்பரை வருகிறவர் கொடுத்ததோடு நிற்காமல், தெருவுக்கே ஒரு நடை போய் வருவது இன்னும் நல்லது. வேலை பார்க்கும் இடத்திலும் கேட்கலாம். ‘கம்பெனி’ என்றால், உள்ளே குடியிருக்கப் போகிறவரை நேரில் பார்க்காமல் சாவி கொடுக்கக் கூடாது. குடி வந்த மறு வாரமே போய், “என்ன வாடகை கொடுக்குறீங்க?” என்று ஒரு வார்த்தை கேட்டால் பாதிக் குட்டு வெளிப்பட்டு விடும்.

ஒப்பந்தத்தைப் பலர் 11 மாதத்துக்குத்தான் எழுதுகிறார்கள். ஓர் ஆண்டுக்கு மேல் போனால் 1908-ம் ஆண்டு பதிவுச் சட்டப்படி பத்திரப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் வந்த பழக்கம் இது. ஆனால் தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் (2017-ல் இயற்றி, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது) ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும் என்கிறது. வேறு விதமாகப் பேசிக் கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் கூடாது. வீட்டுக்காரரின் எழுத்து மூல சம்மதம் இல்லாமல் உள்வாடகை விட முடியாது. ‘லீஸ்’ ஆசாமிக்குப் பிடிக்காத வரி இதுதான். ஒப்பந்தத்தில் அதைக் கொட்டை எழுத்தில் போடலாம்.

லீசுக்குப் போகிற குடும்பத்துக்கும் வேலை இருக்கிறது. வீட்டு வரி ரசீது, கரண்டு பில், வில்லங்கச் சான்று மூன்றிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். “ஓனர் பாரின்ல இருக்காரு, பவர் எங்கிட்ட இருக்கு” என்றால், அந்த பவர் பதிவானதுதானா என்று சார்பதிவாளர் ஆபீசில் கேட்க வேண்டும். பாரினில் இருக்கும் ஓனரிடம் வீடியோவில் முகம் பார்த்துப் பேசி விட்டு, பணத்தை அவர் பெயரில் உள்ள கணக்கிலேயே கட்ட வேண்டும். அதற்கும் முன்னால் எதிர் பிளாட் கதவைத் தட்டி, “இந்த வீடு யாருதுங்க?” என்று கேட்டுப் பார்க்கலாம். காசு செலவு இல்லை, இரண்டே நிமிடம்.