அடுப்பும் புகைபோக்கியும்

மனித வாழ்விற்குத் தீ செய்யும் உதவி அளவிடற்கரியது. அது உணவைச் சமைக்கிறது; குளிரைப் போக்குகிறது; இருளை ஓட்டுகிறது. ஆயினும், தீ உள்ள இடத்தில் புகையும் உண்டு. தீயை வீட்டிற்குள் வைத்துப் பேணக் கற்ற மனிதன், புகையை வீட்டிற்கு வெளியே அனுப்பக் கற்க நெடுங்காலம் ஆயிற்று. அவ்வாறு அனுப்புவதற்கு அவன் கண்ட கருவியே புகைபோக்கி. அதனை அமைப்பது ஒரு திறமை. அமைத்தபின் அதனைத் தூய்மையாக வைத்திருப்பது அதனினும் இன்றியமையாத கடமை.

தூத்துக்குடி மாவட்டத்தில் கோவில்பட்டியைச் சுற்றியும், தெற்கே மணியாச்சியை நோக்கியும் பரந்து கிடப்பது கரிசல் நிலம். வானம் பார்த்த இப்பூமியில் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து முதலியன விளைகின்றன. அடர்ந்த காடுகள் இங்கு இல்லை. ஆதலால், நிலம் தருவதையே மக்கள் எரிபொருளாகக் கொள்கின்றனர். பருத்தி எடுத்து முடிந்தபின் செடிகளைப் பிடுங்கி உலர்த்தி, பருத்திமார்க் கட்டுகளாக வீட்டின் புறத்தே அடுக்கி வைப்பர். ஓடைக் கரைகளிலும் தரிசு நிலங்களிலும் மண்டி வளரும் சீமைக்கருவேல் நல்ல விறகாகிறது. பனை மட்டையும் எருவும் உடன் உதவுகின்றன.

இந்நாளில் எரிவாயு அடுப்பும் சிற்றூர்களுக்கு வந்துவிட்டது. நடுவணரசு 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய உஜ்வலா திட்டம் நாட்டின் ஏழைக் குடும்பங்கள் பலவற்றிற்கு எரிவாயு இணைப்பை அளித்தது. எனினும், விறகடுப்பு முற்றிலும் மறைந்துவிடவில்லை. வெந்நீர் காய்ச்சவும், விழா நாள்களில் மிகுதியாகச் சமைக்கவும், எரிவாயு உருளை தீர்ந்த வேளையில் உலையேற்றவும் விறகே துணையாகிறது. நிலத்திலிருந்து விலையின்றிக் கிடைக்கும் எரிபொருளை உழவர் எளிதில் கைவிடுவதில்லை. எனவே, அதனைத் தீங்கின்றிப் பயன்படுத்தும் வழியை அறிவதே அறிவுடைமை.

விறகுப் புகை கண்ணை எரிக்கும் ஒரு சிறு தொல்லை என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய கரித்துகள்களும், மணமற்ற நச்சுக் காற்றாகிய கார்பன் மோனாக்சைடும் அதில் கலந்துள்ளன. நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை சென்று தங்குகின்றன. இருமல், மூச்சடைப்பு, நுரையீரல் அழற்சி, இதயநோய் முதலியன அவற்றால் விளைகின்றன. வீட்டினுள் எழும் புகை மாசினால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டனர் என உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அடுப்பருகே நெடுநேரம் இருக்கும் பெண்களும், அவர்தம் அருகிலேயே இருக்கும் சிறு குழந்தைகளும் இத்துன்பத்திற்கு மிகுதியும் ஆளாகின்றனர்.

இத்துன்பத்தைக் குறைக்க நம் நாட்டு அறிஞர்கள் நெடுநாள்களாக முயன்றுள்ளனர். தமிழறிஞர் குடும்பத்தில் தோன்றிய பொருளியலறிஞர் ஜே. சி. குமரப்பா செயலாளராக இருந்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம், வார்தாவில் புகையில்லா அடுப்பு ஒன்றை உருவாக்கியது. அது ‘மகன் அடுப்பு’ எனப் பெயர் பெற்றது. காந்தியடிகளின் உறவினரும் தொண்டருமாகிய மகன்லால் காந்தியின் பெயரால் அமைந்த மகன்வாடி என்னும் இடத்தில் அது பிறந்தமையே இப்பெயருக்குக் காரணம். பின்னர், ஐதராபாத்துப் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு என்பார் புகைபோக்கியுடன் கூடிய அடுப்பொன்றை வகுத்து, 1953-ஆம் ஆண்டில் அதனை விளக்கும் நூலையும் வெளியிட்டார். 1983-ஆம் ஆண்டில் நடுவணரசு திருத்திய அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2002-ஆம் ஆண்டுவரை நடைபெற்ற அத்திட்டத்தில் கோடிக்கணக்கான அடுப்புகள் அமைக்கப்பட்டன.

இவ்வடுப்புகளின் அமைப்பு எளியது. மண்ணாலோ சிமெண்டாலோ கட்டிய அடுப்பின் வாயில் விறகு எரியும். தீயும் புகையும் முதற்கலத்தின் அடியைத் தடவி, உள்வழியாகச் சென்று, இரண்டாம் கலத்தையும் சூடாக்கும். பிறகு புகை, அடுப்பின் பின்னே நிற்கும் குழாயில் ஏறிக் கூரைக்கு மேலே சென்று வெளியேறும். அதனை மேலே ஏற்றுவது எது? காற்று சூடேறினால் விரியும். விரிந்தால் அதன் அடர்த்தி குறையும். அடர்த்தி குறைந்த காற்று மேலெழும். குழாயிலுள்ள சூடான காற்று மேலே செல்லச் செல்ல, அடுப்பின் வாய் வழியாகப் புதிய காற்று உள்ளே நுழைகிறது. இதனையே இழுப்பு என்பர். குழாய் உயரமாகவும் சூடாகவும் அடைப்பின்றியும் இருந்தால் இழுப்பு வலிமையாக இருக்கும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் புகை சமையலறைக்கே திரும்பும்.

அடைப்பு எவ்வாறு உண்டாகிறது? விறகு முழுமையாக எரிவதற்கு வெப்பமும் காற்றும் போதிய அளவில் வேண்டும். அவை குறையும்போது எரியாத கரித்துகள்கள் புகையோடு சென்று குழாயின் உட்புறத்தில் கருந்தூளாகப் படிகின்றன. இது புகைக்கரி எனப்படும். ஈர விறகை எரித்தால் மற்றொரு தீங்கும் நேர்கிறது. வெப்பத்தின் பெரும்பகுதி விறகிலுள்ள நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது; தீ தணிந்து எரிகிறது. நீராவியும் விறகின் எண்ணெய்ப் பொருள்களும் குளிர்ந்த குழாயில் பட்டு, பனித்துளி போல் திரண்டு, கீல்போல் ஒட்டிக்கொள்கின்றன. நாளடைவில் அது இறுகிப் பளபளப்பான கரும்பூச்சாகிறது. மேனாட்டார் இதனைக் கிரியோசோட்டு என்பர். புகைக்கரியைத் துடைப்பத்தால் உதிர்த்துவிடலாம். இறுகிய கீலை நீக்குவதோ கடினம்.

இப்படிவுகள் விளைக்கும் தீமைகள் மூன்று. குழாயின் வழி குறுகி, புகையும் நச்சுக் காற்றும் வீட்டில் தேங்குவது முதலாவது. கீலிலுள்ள அமிலத்தன்மை, தகட்டை உள்ளிருந்தே அரித்துத் துளையிடுவது இரண்டாவது. கீல் தானே எரியும் பொருளாதலால், பெருந்தீ மூட்டும் நாளில் குழாயினுள்ளேயே தீப்பற்றுவது மூன்றாவது. பனையோலைக் கூரையின் ஊடே செல்லும் குழாயில் அவ்வாறு தீப்பற்றினால் விளையும் கேட்டைச் சொல்லவும் வேண்டுமோ?

மணியாச்சிச் சந்திப்பு இவ்வுண்மையை வேறொரு வகையிலும் நினைவூட்டும். மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் இருப்புப்பாதை 1876-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. திருநெல்வேலிக்குச் செல்லும் பாதை பிரியுமிடம் மணியாச்சி. அந்நாளில் அப்பாதையில் ஓடியவை நீராவிப் பொறிகள். பொறியின் கொதிகலத்தினுள் நீண்ட குழாய்கள் பல உண்டு. நெருப்பிலிருந்து வரும் சூடான புகை அவற்றின் வழியே சென்று, சுற்றியுள்ள நீரைக் கொதிக்கச் செய்யும். அக்குழாய்களில் கரி படிந்தால் வெப்பம் நீருக்குச் செல்லாது. பொறியின் ஆற்றல் குன்றும். ஆகவே, பணிமனைகளில் தொழிலாளர் அவற்றை முறையாகத் துலக்கினர். மாபெரும் இரும்புப் பொறிக்கே தூய்மை வேண்டுமாயின், வீட்டு அடுப்பிற்கு அது வேண்டாமோ?

வேண்டும் என்பதை ஒடிசா மாநிலத்தில் நடைபெற்ற ஆய்வொன்று தெளிவாகக் காட்டியது. அங்கு 44 ஊர்களில் ஏறத்தாழ 2,600 குடும்பங்களைப் பொருளியல் ஆய்வாளர் சிலர் நான்கு ஆண்டுகள்வரை தொடர்ந்து கவனித்தனர். தம் முடிவுகளை 2016-இல் வெளியிட்டனர். புகைபோக்கியுள்ள புதிய அடுப்பைப் பெற்ற வீடுகளில், முதலாண்டில் சமைப்போர் உட்கொண்ட புகை குறைந்தது. ஆனால், பின்வந்த ஆண்டுகளில் அப்பயன் மறைந்தது. மக்கள் அவ்வடுப்புகளை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை. பழுது பார்த்துப் பேணவும் இல்லை. அடுப்பைக் கொடுப்பதோடு பணி முடிந்துவிடுவதில்லை என்னும் பாடத்தை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

குளிர்நாடுகளில் இப்பாடம் முன்னரே கற்கப்பட்டது. ஆனால், அதற்கு அந்நாடுகள் தந்த விலை கொடியது. இங்கிலாந்தில் குறுகிய செங்கற் புகைபோக்கிகளினுள் ஏழைச் சிறுவரை ஏற்றிக் கரியைச் சுரண்டச் செய்தனர். பலர் உள்ளே சிக்கி மாண்டனர். அத்தொழிலாளரிடையே ஒருவகைத் தோற்புற்று மிகுதியாக இருந்ததைக் கண்ட பெர்சிவல் பாட் என்னும் அறுவை மருத்துவர், அதற்குப் புகைக்கரியே காரணம் என 1775-ஆம் ஆண்டில் எழுதினார். ஒரு தொழிலுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு அப்போதுதான் முதன்முதலாகச் சுட்டப்பட்டது. நீண்ட கழியில் பொருத்திய துடைப்பம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. எனினும், பழக்கத்தை விட மனமின்றிப் பலர் சிறுவரையே ஏற்றினர். 1875-ஆம் ஆண்டில் ஜார்ஜ் புரூஸ்டர் என்னும் சிறுவன் இவ்வாறு இறந்தபின்னரே, உறுதியான சட்டம் பிறந்து இக்கொடுமை ஒழிந்தது. இன்று அந்நாடுகளில் செங்கற் புகைபோக்கியினுள் துருப்பிடியா எஃகுக் குழாயைச் செருகி, அதன் வழியே புகையைப் போக்குகின்றனர். ஆண்டுக்கொரு முறையேனும் பயிற்சி பெற்றோர் அதனைத் துலக்கிச் சோதிக்கின்றனர்.

நம் சிற்றூர் வீட்டின் தகரக் குழாயைத் துலக்கப் பெருஞ்செலவு தேவையில்லை. அடுப்பு முற்றிலும் ஆறியபின்னரே பணியைத் தொடங்க வேண்டும். சாம்பலுக்கடியில் தணல் மறைந்திருக்கக் கூடும். ஆதலால் முதல்நாள் இரவே தீயை அவித்துவிடுதல் நன்று. மூக்கையும் வாயையும் துணியால் இறுகக் கட்டிக்கொள்ள வேண்டும். பாண்டங்களையும் உணவுப்பொருள்களையும் அப்புறப்படுத்தி, அடுப்பின் வாயை ஈரச்சாக்கால் மூட வேண்டும். மேல் மூடியைக் கழற்றி, தென்னை நாரையோ பனை நாரையோ செறிவாகக் கட்டிய துடைப்பத்தை நீண்ட மூங்கிற் கழியில் பிணைத்து, மேலிருந்து கீழாகப் பலமுறை செலுத்த வேண்டும். குழாயின் அடியில் விழும் கரியையும், அடுப்பின் உள்வழியில் தங்கிய சாம்பலையும் ஒருங்கே வாரிவிட வேண்டும். மேலே துலக்கிக் கீழே வாராது விட்டால் அடைப்பு இடம் மாறுமேயன்றி நீங்காது.

உலோகக் குழாயைக் கையாள்வதில் சில நுட்பங்கள் உண்டு. மெல்லிய தகட்டைக் கூரிய இரும்பால் சுரண்டினால் அதன் மேலுள்ள நாகப்பூச்சு போய்த் துரு ஏறும். துருப்பிடியா எஃகுக் குழாயையும் சாதாரண இரும்புக் கம்பித் துடைப்பத்தால் தேய்க்கலாகாது. இரும்புத் துகள்கள் ஒட்டி அங்கிருந்தே துரு பரவும். பழைய அடுப்புகள் சிலவற்றில் கல்நார்ச் சிமெண்டுக் குழாய் உண்டு. கல்நார்த் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு விளைப்பது. எனவே, அதனைச் சுரண்டவோ உடைக்கவோ கூடாது. தக்காரைக் கொண்டு அகற்றி உலோகக் குழாய் அமைப்பதே நலம். துலக்கியபின் குழாயினுள் விளக்கொளியைச் செலுத்தி வெளியிலிருந்து நோக்கினால், ஒளி கசியும் துளைகள் புலப்படும். இணைப்புகளைக் களிமண்ணால் பூச வேண்டும். அரித்துப்போன துண்டை மாற்ற வேண்டும். ஓலைக்கும் குழாய்க்கும் இடையே போதிய இடைவெளி இருத்தல் மிகத் தேவை.

நாள்தோறும் எரியும் அடுப்பாயின், மாதம் ஒருமுறை குழாயைத் துலக்குவது நல்ல பழக்கம். ஐப்பசி மழைக்கு முன் மேல் மூடியையும் இணைப்புகளையும் தவறாது சோதிக்க வேண்டும். மழைநீர் உள்ளே இறங்கினால் கரியோடு கலந்து தகட்டை விரைவில் அரித்துவிடும். மாதம் முடியுமுன்னரே புகை வாய்வழித் திரும்பினால், அதுவே துலக்குவதற்கான அழைப்பாகும்.

நோய் வந்தபின் மருந்து தேடுவதினும் வராமற் காப்பது மேலன்றோ? கரி படிவதைக் குறைக்கும் வழி உலர்ந்த விறகையே எரிப்பது. கரிசல் நாட்டின் கோடை வெயில் இதற்கு நல்ல துணை. கோடையில் உலர்த்திய பருத்திமாரையும் விறகையும் மழை படாத இடத்தில், தரையின் ஈரம் ஏறாதவாறு கற்களின்மேல் அடுக்கி வைக்க வேண்டும். நெகிழித் தாள்களை அடுப்பிலிடலாகாது; அவற்றின் புகை நஞ்சு. கோவில்பட்டி வட்டாரம் தீப்பெட்டித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. மருந்து தோய்ந்த கழிவுக் குச்சிகளையும் அடுப்பிலிடக் கூடாது. அவை சீறி எரிந்து ஆபத்து விளைப்பதோடு, அவற்றிலுள்ள கந்தகம் எரிந்து ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகித் தகட்டையும் தின்னும்.

எவ்வளவு கவனமாயிருந்தும் குழாயினுள் தீப்பற்றுமாயின், குழாயில் நீரை ஊற்றலாகாது. திடீரென எழும் நீராவி அதனைப் பிளந்துவிடும். அடுப்பின் வாயை மண்ணாலோ ஈரச்சாக்காலோ அடைத்துக் காற்றைத் தடுக்க வேண்டும். வீட்டிலுள்ளோர் வெளியேறி, 101 என்னும் எண்ணில் தீயணைப்பு நிலையத்தை அழைக்க வேண்டும்.

இப்பணியைச் சிறுவரிடம் ஒப்படைத்தல் தகாது என்பதை இங்கிலாந்தின் வரலாறு கற்பிக்கிறது. சமைக்கும் பெண்களின் தலையிலேயே சுமத்துவதும் நீதியன்று. அடுப்பின் பயனை வீட்டார் அனைவரும் நுகர்கின்றனர். புகையின் துன்பத்தையோ ஒருவரே ஏற்கின்றார். கூரையேறித் துலக்கும் வேலையை வலிமையுடைய ஆடவர் தம் கடமையாகக் கொள்வாராயின் அவ்வேற்றத்தாழ்வு ஓரளவு நீங்கும். ஒரு துடைப்பமும் மாதத்தில் ஒரு காலைப்பொழுதுமே இதற்கு வேண்டும் முதல். அதனால் மீள்வதோ ஒரு தாயின் கண்ணொளியும், ஒரு குழந்தையின் மூச்சும் ஆகும். கட்டிவைத்த நன்மை தானே நிற்பதில்லை. பேணும் கைகளாலேயே அது நிலைக்கும்.